பஞ்சைக் கடித்த பத்து நிமிடம்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை பத்தே காலுக்கு அக்காவுக்குப் பல் வைப்பதாக ஏற்பாடு.

பதினோரு மாதமாக அவள் வாயைத் திறந்து சிரித்ததில்லை. மேல் வரிசையில் முன்பல் நான்கும் போனது ஒரு வேன் கதவால். அந்தக் கதவை அடித்துச் சாத்தியவர் அவள் கணவர். ரொட்டி கம்பெனி வேன் ஓட்டுகிறவர். தெருவே அவரை வேன்காரர் என்றுதான் கூப்பிடும். அன்று வீட்டுக்குள் தொடங்கிய சண்டை வாசல் வரைக்கும் வந்தது. திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவர் திரும்பிப் பார்க்காமல் கதவை இழுத்தார். வண்டி கிளம்பிப் போயிற்று. மறுநாள் கம்பெனி வாசலில் வேன் நின்றது, சாவியோடு. ஆள் இல்லை.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். இன்றைக்குத்தான் கையில் எடுத்தவர்களுக்காகச் சொன்னேன்.

அக்காவின் தம்பிக்குத் தொழிலே பல் செய்வதுதான். மாடியில் டாக்டர் அம்மாவின் கிளினிக். கீழே பின்பக்க அறையில் அவனுடைய லேப். இருபத்திரண்டு வருடமாக அதே மேஜை, அதே மெழுகு வாசனை, எவ்வளவு கூட்டினாலும் போகாத பிளாஸ்டர் தூசி. ஊரில் பாதிப் பேர் அவன் செய்த பல்லோடுதான் சாப்பிடுகிறார்கள். சொந்த அக்கா மட்டும் ஓட்டை வாயோடு திரிந்தாள். எத்தனை முறை கூப்பிட்டும் வரவில்லை.

மூன்று வாரத்துக்கு முன்புதான் மனம் மாறினாள். அவள் வேலை செய்வது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில். பேச்சு பழகும் வயதில் ஏழெட்டு வாண்டுகள். அவள் "சாப்பிடலாம்" என்று சொல்லும்போது காற்றுப் போய் "ஹாப்பிடலாம்" என்று வரும். குழந்தைகளும் வீட்டுக்குப் போய் "ஹாப்பிடலாம்" என்றன. ஒரு தாய் வந்து குறைப்பட்டுக்கொண்டாள். அன்றே அக்கா நேராகக் கிளினிக்குக்கு வந்துவிட்டாள்.

டாக்டர் மூன்று வழி சொன்னார். எலும்புக்குள் திருகாணி மாதிரி ஒன்றை இறக்கி அதன் மேல் பல்லை வைக்கலாம். ஆனால் அடிபட்ட இடத்தில் எலும்பு கரைந்திருக்கிறது, அதைச் சரிபண்ணி ஆறவிடவே எட்டு மாதம் ஆகும். இல்லையென்றால் கழற்றி மாட்டுகிற செட். அதுவும் வேண்டாம் என்றால், இரண்டு பக்கமும் மிச்சமிருக்கிற கோரைப்பற்களைத் தேய்த்துத் தூண் மாதிரி வைத்து, ஆறு பல்லும் ஒரே துண்டாக ஒரு பிரிட்ஜ்.

"கழட்டி மாட்டுறது மட்டும் வேண்டாம் டாக்டர்," என்றாள் அக்கா. "பத்து வருஷமா தினம் காலையில டம்ளர்ல அவரு பல்லைப் பார்த்துட்டுத்தான் அடுப்பைப் பத்த வெச்சேன். பக்கத்துல எனக்கும் ஒரு டம்ளர் வைக்கணுமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். பிரிட்ஜ் என்று முடிவாயிற்று.

கோரைப்பல்லைத் தேய்த்து அளவெடுத்த அன்று தற்காலிகமாக ஒன்றை ஒட்டி அனுப்பினார்கள். இரண்டாம் நாளே அது கழன்று விழுந்துவிட்டது. "ஒரு வாரம்தானே, ஓட்டிக்கிறேன்" என்று அக்கா அதைத் திரும்ப ஒட்டிக்கொள்ள வரவில்லை. அந்த வாரம் முழுக்க அவள் யாரோடும் அதிகம் பேசவும் இல்லை.

இப்போது தம்பி அந்தப் பிரிட்ஜை விளக்குக்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவின் பழைய போட்டோவைப் பார்த்துச் செய்தது. நடுப்பல் ஒன்று பக்கத்துப் பல்லின் மேல் இம்மியளவு ஏறியிருக்கும். அதையும் அப்படியே வைத்திருந்தான்.

"கோணலைக்கூடவா காப்பியடிப்பீங்க மாமா?" என்று முந்தாநாள் அக்காவின் மகள் கேட்டாள். இருபத்திரண்டு வயது. மாடியில் டாக்டருக்கு உதவியாளராக இருக்கிறாள். "நல்லா வெள்ளையா, நேரா வெச்சிருக்கலாம்ல. செய்தி வாசிக்கிறவங்க மாதிரி."

"உங்கம்மா செய்தியா வாசிக்கப் போறா? அவ வாயில அவ பல்லு மாதிரிதான் இருக்கணும் பாப்பா."

வெளியே வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவர் இன்ஸ்பெக்டர்.

வயதானவர். களைத்திருந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது நீங்க செஞ்சதா பாருங்க. காலையிலேருந்து இது அஞ்சாவது லேப்."

உறைக்குள் ஒரு மேல்பல் செட். மூன்று பற்கள், இரண்டு கம்பிக் கொக்கிகள். ஓரத்தில் சேறு காய்ந்திருந்தது.

தம்பிக்கு ஒரு பார்வை போதும். தான் எழுதிய எழுத்தை ஒருவனால் அடையாளம் காண முடியாமல் போகுமா? கம்பியை வளைத்த வளைவு அவனுடையது.

"எங்க கிடைச்சுது?"

"மாவு மில்லுக்குப் பின்னாடி கால்வாய்ல. நேத்து சாயங்காலம் ஒருத்தரோட உடம்பை எடுத்தோம். திங்கக்கிழமை ராத்திரி விழுந்திருக்கலாம்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. தானா விழுந்தாரா என்னன்னு இன்னும் தெரியல. முகத்தை வெச்சுச் சொல்ற நிலைமையில இல்லை. பாக்கெட்ல ஒரு காகிதம்கூட இல்லை. வாயில இது இருந்துச்சு."

"நான் செஞ்சதுதான்."

"யாருக்கு?"

"எங்க அக்கா வீட்டுக்காரருக்கு."

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "காணோம்னு புகார் கொடுத்தாங்களே, அந்த அம்மாவா?"

"ஆமா."

"நீங்க அவரைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?"

"பதினோரு மாசம் ஆச்சு. அவர் போன அன்னைக்குக் காலையில."

யோசித்துச் சொன்னதல்ல. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பழைய அச்சு இருந்தா ஒத்துப் பார்த்துச் சொல்லிடுங்க. அப்புறம் வீட்டுல யாராவது ஒருத்தர் ஆஸ்பத்திரிக்கு வரணும்." அவருடைய போன் அடித்தது. பேசிக்கொண்டே வராந்தாவுக்குப் போனார்.

மேல் அலமாரியில் பத்து வருடப் பழைய பிளாஸ்டர் அச்சு தூசி படிந்து கிடந்தது. ஸ்பேனர் தெறித்து வேன்காரருக்கு மூன்று பல் போன வருடம் எடுத்தது. தம்பி செட்டை அதன் மேல் வைத்து அழுத்தினான். கொக்கி இரண்டும் டக்கென்று போய் உட்கார்ந்தன.

"மாமா, பிரிட்ஜைக் குடுங்க. டாக்டர் சிமென்ட் கலக்கப் போறாங்க..."

மகள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவள் பார்வை மேஜைக்குப் போனது. அங்கிருந்து வராந்தாவில் தெரிந்த காக்கிச் சட்டைக்குப் போனது. திரும்ப மேஜைக்கு வந்தது.

"இது அப்பாவோடது."

தம்பி தலையாட்டினான். கால்வாய் என்று மட்டும் சொன்னான். மீதியை அவளே புரிந்துகொண்டாள்.

அவள் அழவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து செட்டை அச்சிலிருந்து மெதுவாகக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வயதில் அப்பா தூங்கும்போது அதை ஒளித்து வைத்து விளையாடியவள். சும்மா கையில் வைத்திருந்தவள், பிறகு திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் மறுபடி பார்த்தாள்.

"நடுவுல உடைஞ்சு ஒட்டியிருக்கு."

தம்பி பிளாஸ்டர் அச்சை அலமாரியில் திருப்பி வைக்கப் போனான்.

"ஒட்டின இடத்துல ரோஸ் கலர் வேற மாதிரி இருக்கு மாமா. இது ஈறு செய்யற நம்ம புதுப் பவுடர். நான்தான் ஆர்டர் போட்டேன். வாங்க ஆரம்பிச்சு ஆறு மாசம்தான் ஆச்சு." அவள் குரல் ஏறவில்லை. "அப்பா போய்ப் பதினோரு மாசம் ஆச்சு."

"பாப்பா..."

"வேற யாரும் ஒட்டலை. உங்க பாலிஷ் எனக்குத் தெரியும். அவர் இங்க வந்தாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் சொல்ல வரவில்லை.

"வந்தார்," என்றான்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கிளினிக் லீவு. தம்பி தனியாக உட்கார்ந்து வேலையை முடித்துக்கொண்டிருந்தான். பின்வாசலில் வந்து நின்றவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. தாடி, இளைத்த கழுத்து, வாயைக் கையால் மூடியிருந்தார். கையை எடுத்துச் செட்டை நீட்டினார். இரண்டு துண்டு.

"கீழே விழுந்து உடைஞ்சு போச்சு மாப்பிள்ளை. இது இல்லாம சாப்பிட முடியல."

எங்கே இருந்தார், என்ன செய்கிறார் என்று தம்பி கேட்கவில்லை. துண்டுகளை வாங்கி ஒட்ட ஆரம்பித்தான். அவர் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொல்லவும் இல்லை.

"அவளுக்கு எத்தனை பல்லு போச்சு?"

"நாலு."

அவர் மேஜைக்கு ஓரடி கிட்டே வந்தார். "வண்டிக் கண்ணாடியில பார்த்தேன். ரத்தத்தைப் பார்த்தேன். பார்த்துட்டும் வண்டியை நிறுத்தலை. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு வீட்டுக்கு வர்றது? இப்போ வரலாம்னு இருக்கேன். அவ என்ன சொல்றா?"

அக்கா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. திட்டியதில்லை, மன்னித்தேன் என்றதில்லை, அவர் பேச்சையே எடுத்ததில்லை. கதவு பட்டுவிட்டது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.

ஆனால் தம்பி, மேஜையிலிருந்து தலையைத் தூக்காமல், இப்படிச் சொன்னான்: "உங்க முகத்துல முழிக்க மாட்டேன்னுட்டா. வந்தா கதவைத் திறக்க மாட்டா. கூப்பிட்டா பேச மாட்டா. இதை வாங்கிக்கிட்டுப் போயிடுங்க."

அன்றைக்கு அவன் ஒரு தடவைகூட அத்தான் என்று கூப்பிடவில்லை.

அவர் செட்டை வாயில் மாட்டிக்கொண்டார். கடித்துப் பார்த்தார். "சரியா இருக்கு," என்றார். போய்விட்டார்.

மகள் முழுவதையும் கேட்டாள். மாடியிலிருந்து டாக்டர் கூப்பிடும் குரல் இரண்டு முறை வந்தது.

"அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நான் சொல்றேன். பல்லை வெச்சு முடிக்கட்டும்."

அவள் முகத்தைக் குழாயில் கழுவினாள். மாஸ்க்கை மாட்டினாள். பிரிட்ஜைத் தட்டில் வைத்து மாடிக்குக் கொண்டு போனாள். டாக்டர் கேட்டதையெல்லாம் வரிசை மாறாமல் எடுத்துக் கொடுத்தாள் என்று பிற்பாடு டாக்டரே சொல்லி வியந்தார்.

சிமென்டைத் தடவிப் பிரிட்ஜை அழுத்தி வைத்ததும், டாக்டர் இரண்டு பக்கமும் பஞ்சுருண்டையை வைத்துக் கடிக்கச் சொன்னார்.

"பத்து நிமிஷம். வாயைத் திறக்கக் கூடாது, பேசக் கூடாது. அசைஞ்சா எல்லாம் கெட்டுப்போயிடும். நான் பக்கத்து ரூம்ல ஒருத்தரைப் பார்த்துட்டு வந்துடுறேன்."

அக்கா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். கண்ணில் கொஞ்சம் குறும்பு இருந்தது. மகள் கையில் பிடித்திருந்த கண்ணாடிக்காகக் கையை நீட்டினாள். மகள் கொடுக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தம்பி உள்ளே வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றான்.

பத்து நிமிடம் கழித்துச் சொல்லியிருக்கலாம். ஏன் காத்திருக்கவில்லை என்று தன்னையே பிறகு பலமுறை கேட்டுக்கொண்டான். அவளால் பதில் பேச முடியாத நேரம் அது ஒன்றுதான் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் காரணம். வேறு நல்ல காரணம் எதுவும் அவனுக்குக் கிடைக்கவில்லை.

"அக்கா. அத்தான் இறந்துட்டாரு."

அக்காவின் கண் அவன் முகத்தில் அப்படியே நின்றது. நாற்காலியின் கைப்பிடியை விரல்கள் பற்றின.

கால்வாயைச் சொன்னான். செட்டைச் சொன்னான். அவள் தலையை ஆட்டவில்லை. தாடை மட்டும் இறுகிக்கொண்டே போனது. எழுந்திருக்கப் பார்ப்பாள், பஞ்சைத் துப்புவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கடித்தபடியே இருந்தாள். கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது.

"இன்னொண்ணு இருக்கு," என்றான். அதையும் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை, பின்வாசல், இரண்டு துண்டு. தான் சொன்ன பொய்யை முதலில் சுற்றி வளைத்துத்தான் சொல்லப் பார்த்தான். ஜன்னலோரம் நின்ற மகள் திரும்பிப் பார்த்தாள். அதற்குப் பிறகு, அன்று அவரிடம் சொன்ன வார்த்தையை அப்படியே சொன்னான்.

சொல்லி முடித்தபோது ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. மீதி நான்கு நிமிடத்தை அந்த அறையில் மூன்று பேரும் கடத்தினார்கள். யாரும் யாரையும் தொடவில்லை. பக்கத்து அறையில் டிரில் ஓடியது, நின்றது, ஓடியது.

மகள் கடிகாரத்தைப் பார்த்து வந்து பஞ்சை எடுத்தாள். ஓரத்தில் வழிந்திருந்த சிமென்டைச் சின்ன ஊசியால் சுரண்டினாள். அம்மாவின் கன்னத்தைத் துடைத்தாள்.

"கடைசியா சொன்னியே, அதைத் திரும்பச் சொல்லு," என்றாள் அக்கா.

பதினோரு மாதத்துக்குப் பிறகு காற்றுப் போகாத பேச்சு. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்தது.

"உங்க முகத்துல முழிக்க மாட்டேன்னுட்டா..." தம்பி பாதியில் நிறுத்தினான்.

"மீதி?"

"கூப்பிட்டா பேச மாட்டான்னு."

"நான் சொன்னேனா அப்படி?"

"இல்லை."

"சொல்லணும்னா நான்தானே சொல்லியிருக்கணும். அடிபட்டது என் வாய். கோபம் என்னோடது. அதை எடுத்து நீ எப்படிக் குடுக்கலாம்?"

"உன்னை அப்படிப் பார்த்துட்டு என்னால..."

"நீ நினைச்சது தப்புன்னு நான் சொல்லலை. நானும் அதையே சொல்லியிருப்பேனோ என்னவோ. இப்போ அது யாருக்குத் தெரியும்?"

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். கழுத்தில் கட்டியிருந்த காகிதத் துணியை அவிழ்த்து மடித்தாள். ரொம்ப நேரம் மடித்தாள்.

"திங்கக்கிழமை காலையில பதினோரு மணி இருக்கும்," என்றாள், இருவரையும் பார்க்காமல். "பிள்ளைங்களைத் தூங்க வெச்சுட்டு இருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தேன்."

மகள் அருகே வந்தாள். "யாரும்மா?"

"அவருதான். 'நான்தான்'னாரு. அவ்வளவுதான் சொன்னாரு. நான் பேசுறதுக்காகக் காத்திருந்தாரு."

"நீ என்ன சொன்ன?"

"வாயைத் திறந்தேன். காத்துதான் வந்துச்சு. பதினோரு மாசமா உள்ளுக்குள்ள அடுக்கி வெச்சிருக்கேன், அவரைக் கேட்க வேண்டியதை எல்லாம். நிறுத்தி நிதானமாக் கேட்கணும். ஒரு வார்த்தை குழறக் கூடாது. இந்த வாயோட பேசினா அவரு காதுல பல்லு போனதுதான் கேட்கும், நான் கேட்கிறது கேட்காது." அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள். "வெள்ளிக்கிழமை பல்லு வந்துடும். அன்னைக்கு நானே கூப்பிட்டுப் பேசிக்கலாம்னு போனை வெச்சுட்டேன்."

தம்பி அக்காவின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அவன் ஐந்து மாதத்துக்கு முன்னால் சொன்ன பொய்யை, திங்கட்கிழமை அவள் தன்னை அறியாமல் உண்மையாக்கியிருந்தாள். இருவருக்கும் அது ஒரே நேரத்தில் புரிந்தது.

வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டான்," என்றாள் அக்கா. "நான் வந்து பார்க்கிறேன் சார். அதுக்கு முன்னாடி இவன் உங்ககிட்ட தப்பா ஒண்ணு சொல்லியிருக்கான். அதை அவனே திருத்திச் சொல்லுவான்."

தம்பி சொன்னான். ஐந்து மாதம், ஞாயிற்றுக்கிழமை. இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார். "ஸ்டேஷனுக்கு வந்து எழுத்துல கொடுக்கணும்," என்றார்.

பிறகு அக்கா போன் விஷயத்தைச் சொன்னாள். அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"போன் எதுவும் எங்களுக்குக் கிடைக்கல. அந்த நம்பர் இருக்கா?"

"இருக்கு. இன்னைக்குக் கூப்பிடணும்னு வெச்சிருந்தேன்."

"கூப்பிடுங்க. சத்தமா வைங்க, எல்லாருக்கும் கேட்கட்டும்."

அக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. மேலேயே இருந்தது. அழுத்தினாள்.

நான்கு முறை மணி அடித்தது. ஐந்தாவது மணியில் யாரோ எடுத்தார்கள். பின்னணியில் மாவு மில் மாதிரி ஏதோ இயந்திரம் ஓடும் இரைச்சல்.

"ஹலோ," என்றது வயதான ஒரு பெண்ணின் குரல்.

அக்கா தான் யார் என்று சொன்னாள். தெளிவாக, ஒரு எழுத்துக்கூடச் சிதறாமல் சொன்னாள்.

அந்தப் பக்கம் இயந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

"நீங்களா," என்றது குரல். "கூப்பிடுவீங்கன்னு சொன்னாரும்மா. அன்னைக்கு ராத்திரி வரைக்கும் என் போனைக் கீழே வைக்காம உட்கார்ந்திருந்தாரு. நீங்க கூப்பிட்டா சொல்லச் சொல்லி என்கிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டுத்தான் கிளம்பிப் போனாரு."

இன்ஸ்பெக்டர் போனுக்காகக் கையை நீட்டினார்.

அக்கா கொடுக்கவில்லை.